வாசனை வராத பெயிண்ட்

பிப்ரவரி 4

சம்பந்தி அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நாம் இருவரும் கத்திய கத்தலுக்குப் பிறகு, இனி நீங்கள் கட்டும் புது வீடு சம்பந்தமாக எதுவானாலும் காகிதத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். எழுதினால் கோபம் குறையும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்குக் குறையவில்லை.

நீங்கள் அனுப்பிய மூன்று புகைப்படங்களும் வந்தன. வேலை நடக்கும்போது ஏசி குழாய்களின் வாயை பிளாஸ்டிக் தாளால் கட்டி மூடி வைக்க வேண்டும், தூசி உள்ளே போய்த் தங்கினால் பிறகு குடியிருப்பவர் அதைத்தான் சுவாசிப்பார், ஆகவே மூன்று வெவ்வேறு கட்டங்களில் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். நீங்களும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று தேதி போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் சட்டை மூன்று படத்திலும் மாறியிருக்கிறது. ஜன்னல் கட்டையில் இருக்கும் டீ கிளாஸ் மாறவில்லை. அதில் டீயும் அதே அளவுதான் இருக்கிறது. உங்கள் ஆட்களில் ஒருவர் மூன்று மாதமாக அந்த டீயைக் குடிக்காமல் வைத்திருக்கிறார் என்று சான்று தரும் மதிப்பீட்டாளருக்கு எழுதட்டுமா?

மறந்திருப்பீர்கள் என்பதால் நினைவுபடுத்துகிறேன். முப்பது வருஷம் வரைபட அலுவலகத்தில் இருந்தவள் நான். இப்போது பசுமைக் கட்டிடச் சான்று வாங்கித் தருவதுதான் என் தொழில். சம்பந்தம் பேசிய அன்றே, என் மகளுக்கு ஆறு வயதிலிருந்து இழுப்பு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னேன். "நான் கட்டித் தர்ற வீட்டுல அவளுக்கு ஒரு தும்மல்கூட வராது. நீங்க சொல்ற சான்றிதழை வாங்கி வாசல்ல மாட்டுறேன், அதுக்கப்புறம் பொண்ண அனுப்புங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னது நீங்கள். உங்கள் வீட்டின் கீழ்த்தளம் சிமெண்ட் கிடங்கு. அங்கே அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதனால்தான் கல்யாணம் முடிந்து ஏழு மாதமாகியும் அவள் என்னோடு இந்த ஊரில், உங்கள் மகன் உங்களோடு அந்த ஊரில். சான்றுக்கு நாற்பது புள்ளி வேண்டும். நாற்பது வராமல் அவள் அந்த வாசலை மிதிக்க மாட்டாள்.

கட்டுபவரும் ஆலோசகரும் எழுதிக்கொண்டது எல்லாம் சான்றுக் கோப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கடிதமும் அதில் சேரும், உங்கள் பதிலும் சேரும். பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


பிப்ரவரி 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

டீ கிளாஸ் மேஸ்திரியுடையது. சட்டைகள் மூன்றும் என்னுடையவை. ஒரே நாளில் எடுத்த படங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாய் வாயைக் கட்டியது கட்டியதுதானே? டிசம்பரில் கட்டியது இன்றைக்கும் கட்டியபடியேதான் இருக்கிறது. சாப்பிட்டேன் என்று சொன்னால் போதாது, வாயில் சோறு வைக்கும்போது எடுத்த படம் எங்கே என்று கேட்கிறீர்கள்.

செங்கல் சுமந்து தொழிலுக்கு வந்தவன் நான். இருபத்தொன்பது வருஷமாக வீடு கட்டுகிறேன். நான் கட்டிய வீட்டில் யாரும் மூச்சு முட்டிச் செத்ததில்லை. இருந்தும் நீங்கள் சொன்ன கூத்தையெல்லாம் ஆடிக்கொண்டிருக்கிறேன். மேல் மண்ணை வழித்து மூலையில் குவித்து, கடைசியில் தோட்டத்துக்குப் போட வேண்டும், அதுவரை தார்ப்பாய் போட்டு மூடு என்றீர்கள். மூடினேன். உள்ளே யாரைப் புதைத்திருக்கிறீர்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். உடைந்த செங்கல் ஒரு குவியல், கம்பித் துண்டு ஒரு குவியல், மரத் துண்டு ஒரு குவியல் என்று பிரித்து, எடை போட்டுச் சீட்டு வாங்கச் சொன்னீர்கள். குப்பைக்கு எடைச்சீட்டு கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று எடைமேடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். தண்ணீர் மிச்சமாகும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்த குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. ஒரு வாளி நிறைவதற்குள் குளிக்க வந்தவனுக்கு இன்னொரு முறை வியர்த்துவிடும்.

இனி பெயிண்ட் வேலை. பெயிண்ட், பசை, வார்னிஷ் எதை வாங்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய இருபது பக்கமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. என் பெயிண்டர் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழில். நான் அவரைவிட மூன்று வகுப்பு அதிகம், அவ்வளவுதான். புரியும்படி ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. பெண்ணைப் பஞ்சில் சுற்றி வளர்த்துவிட்டு, இப்போது ஊரே பஞ்சாக மாற வேண்டும் என்கிறீர்கள். இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


பிப்ரவரி 17

சம்பந்தி அவர்களுக்கு,

சேர்த்துவிட்டேன்.

ஒரு குழந்தையின் நகம் நீலமாவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கெல்லாம் வார்னிஷ் அடித்த அன்று, ஆறு வயதில், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து இருபது வருஷம். பஞ்சு என்கிறீர்கள். பஞ்சுத் தலையணைகூட அவளுக்கு ஆகாது, தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட தாளை இணைத்திருக்கிறேன். இருபது பக்கத்தைப் பன்னிரண்டு வரியாக்கி, நல்ல தமிழில், கொட்டை எழுத்தில், என் கையால் எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் கடைநிலை ஊழியருக்கும் புரியும்படி எழுதுகிறவள் என்று எனக்குப் பெயர் உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் இதில் சந்தேகம் வராது. இதற்குப் பிறகும் தவறு நடந்தால் அது படிக்காதவர் தவறு.

எல்லா வேலையும் முடிந்து கடைசியில்தான் பெயிண்ட். அது முடிந்ததும் இரண்டு வாரம் வீடு சும்மா கிடக்க வேண்டும். எல்லா ஜன்னலும் திறந்து, எல்லா விசிறியும் ஓடியபடி. அதன்பிறகு காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவோம். வேகவேகமாக முடித்து நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பெயிண்ட் வேலை முடிந்தது. உங்கள் தாளை முன்னறைச் சுவரில் கோந்து போட்டு ஒட்டினேன். பெயிண்டர் தினமும் காலையில் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் பிரஷைத் தொட்டார். கடைக்காரரிடமும் ஏழாவது வரியைச் சொன்னேன். அதற்கென்றே ஒரு சரக்கு வந்திருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார்.

உள்ளதைச் சொல்கிறேன். அடித்து முடித்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். சுவருக்கு மூன்று விரல் தூரத்தில் மூக்கை வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. பெயிண்ட் அடித்த வீட்டுக்குள் நிற்கிறேனா, பாறை மேல் நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பெயிண்டை நான் தொட்டதில்லை. இந்த ஒரு விஷயம் உங்களிடம் கற்றுக்கொண்டதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வரும் சனிக்கிழமை மகன் மருமகளை அழைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க வருகிறான். அவளே ஆசைப்பட்டாளாம். திங்கட்கிழமையிலிருந்து ஜன்னலைத் திறந்து வைத்து உங்கள் இரண்டு வாரக் கணக்கைத் தொடங்குகிறேன். நீங்களும் வருவதானால் வரலாம். குழாயை மாற்றிவிட்டேன் என்று நினைத்து வராதீர்கள், அதே நூல்தான்.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


மார்ச் 17

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் ஊர் மருத்துவமனையில், நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றுக் காலையிலிருந்து நீங்கள் கீழே வாசலில் நிற்பதாக நர்ஸ் சொன்னார். மேலே வர வேண்டாம். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன், நின்ற இடத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

அவள் முகத்தில் ஆக்சிஜன் மூடி போட்டிருக்கிறார்கள். "அம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்கு மூன்று முறை மூச்சு வாங்குகிறாள். சனிக்கிழமை அந்த வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறாள். திரும்பும் வழியில் வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டது. இனி பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்கு அவள் இருபது வருஷ நோயாளி அல்ல, இரண்டு நாள் நோயாளி.

உங்கள் மகனை அனுப்பி அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். மேலே பெரிதாக ஒரு பூப் படம். கீழே பொடி எழுத்தில், ஒரு லிட்டருக்கு நூற்று எண்பது கிராம் ரசாயன ஆவி என்று போட்டிருக்கிறது. அனுமதி ஐம்பது கிராம். நூற்று எண்பதை நாலு சுவரிலும் பூசி, உள்ளே கொண்டுபோய் என் பெண்ணை உட்கார வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கட்டியது வீடா, எலிப்பொறியா? பன்னிரண்டு வரியைப் படிக்கத் தெரியாத ஆளிடம் என் பெண்ணைக் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அவள் என்னோடு ஊருக்கு வருகிறாள். சான்றை மறந்துவிடுங்கள்.

அவளுடைய அம்மா


மார்ச் 20

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான் வாசலில் நின்றது உங்களைப் பார்க்க அல்ல. மூன்று நாளும் நின்றேன். நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனது பிறகுதான் தெரிந்தது.

சுவரில் ஒட்டுவதற்கு முன் உங்கள் தாளை ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன், அதிலிருந்து எடுத்த நகல் இத்துடன் இருக்கிறது. ஏழாவது வரியைப் படியுங்கள். உங்கள் கையெழுத்து, உங்கள் கொட்டை எழுத்து. "சுவருக்கும் கதவுக்கும் வாசனை வராத பெயிண்ட் மட்டும் அடிக்க வேண்டும்." வாசனை வராத பெயிண்ட் வாங்கினேன். வாசனை வரவில்லை. ஐம்பது கிராம் என்று அந்தத் தாளில் எங்கே இருக்கிறது? ஆவி என்று எங்கே இருக்கிறது? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடிவிட்டேன். கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "வாசனை போகறதுக்கு ஒரு மருந்து கலப்பாங்க. ஆவி போகாதுங்க. நீங்க வாசனைன்னுதான கேட்டீங்க" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

வாசனையே இல்லை என்று ஒன்பதாம் தேதி உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். சனிக்கிழமை அவள் வருகிறாள் என்றும் எழுதினேன். கடிதம் மூன்று நாளில் வந்திருக்கும். டீ கிளாஸைப் பார்த்த கண்ணுக்கு அது மட்டும் தெரியவில்லையா?

அன்று நடந்ததைக் கேளுங்கள். முன்னறையில் அவளுக்கு நாற்காலி போட்டேன். சுவர் ஓரமாகப் போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். "மாமா, வாசனையே வரல. இங்கயே உக்காந்துக்கலாம் போல இருக்கு" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இரண்டு மணி நேரம் ஜன்னலுக்குத் திரைச்சீலை என்ன நிறம், புத்தக அலமாரி எங்கே என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் எப்போதும் அடிக்கிற மட்டமான பெயிண்டாக இருந்திருந்தால் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியிருப்பாள். உங்கள் பெயிண்ட்தான் அவளை உட்கார வைத்தது.

படிக்காதவர் தவறு என்று எழுதினீர்கள். நான் படித்தேன். படித்ததுதான் தவறு.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


மார்ச் 24

சம்பந்தி அவர்களுக்கு,

தாளின் அசலை உடனே அனுப்பவும். நகலை ஏற்க முடியாது.


மார்ச் 28

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அசல் வராது. கோந்து போட்டு ஒட்டியது, உரித்தால் கிழியும். பெயிண்டர் அதன் மேல் பிரஷ் படக் கூடாது என்று சுற்றிச் சுற்றி அடித்திருக்கிறார். இந்த வீட்டில் அந்தப் பெயிண்ட் படாத ஒரே இடம் உங்கள் தாளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சாண் சுவர்தான். மிகவும் வேண்டுமென்றால் சுவரோடு பெயர்த்து அனுப்புகிறேன், வந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

எதற்குக் கேட்கிறீர்கள் என்று தெரியாத அளவுக்கு நான் பச்சைப்பிள்ளை அல்ல.


ஏப்ரல் 4

சம்பந்தி அவர்களுக்கு,

அசல் வேண்டாம். அந்தத் தாளுக்கு நான் முதலில் எழுதிப் பார்த்த பிரதி என் மேசை இழுப்பறையில் கிடைத்துவிட்டது. அதில் ஏழாவது வரி இப்படி இருக்கிறது: "ஆவி குறைந்த பெயிண்ட். லிட்டருக்கு ஐம்பது கிராமுக்கு மேல் போகக் கூடாது. டப்பாவில் எண்ணைப் பார்த்து வாங்கவும்." அதை நானே கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஆவி என்று எழுதினால் உங்கள் ஆட்கள் பேய்க் கதை பேசிச் சிரிப்பார்கள், எளிமையாக இருக்கட்டும் என்று நினைத்தது இப்போது நன்றாக நினைவு வருகிறது. அடித்துவிட்டு மேலே "வாசனை வராத" என்று எழுதியிருக்கிறேன்.

ஏன் அந்தச் சொல் வந்தது என்று பத்து நாளாக யோசித்தேன். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர். ஆறு வயதில் அவளுக்கு ரசாயனம் என்றால் தெரியாது. "வாசனை வந்தா உடனே வெளிய வந்துடு" என்று சொல்லிக் கொடுத்தேன். அதிலிருந்து அவளுக்கு மூச்சு முட்ட வைக்கிற எதுவும் எங்கள் வீட்டில் வாசனைதான். தூசி வாசனை, கொசுவத்தி வாசனை, புது செருப்பு வாசனை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "இன்னைக்கு லேப்ல வாசனைம்மா" என்பாள், நான் மருந்தை எடுப்பேன். இருபது வருஷம் அப்படிப் பேசியே, அது மற்றவர்களுக்கு வேறு சொல் என்பதை மறந்துபோனேன். நீங்கள் வாசனை இல்லை என்று எழுதியதைப் படித்ததும், ஆபத்து இல்லை என்றுதான் எனக்குப் புரிந்தது. நிம்மதியாகத் தூங்கினேன், சனிக்கிழமை அவள் கிளம்பியபோதும் தடுக்கவில்லை.

தவறு என்னுடையது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, அதுவும் உங்களுக்கு.

ஆனால் முழுத் தவறும் என்னுடையதல்ல. நீங்கள் அனுப்பிய நகல் எட்டாவது வரியோடு முடிகிறது. மீதியை மடித்துவைத்து நகல் எடுத்திருக்கிறீர்கள். மடிப்பின் கோடு கூடத் தெரிகிறது. என் பிரதியில் ஒன்பதாவது வரி இருக்கிறது: "பெயிண்ட் முடிந்து இரண்டு வாரம், சோதனை முடிவு வரும்வரை, வேலையாட்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது." அதில் எந்தச் சொல் உங்களுக்குப் புரியவில்லை? நான் ஒரு சொல்லில் தவறினேன். நீங்கள் ஒரு வரியையே மடித்து ஒளித்தீர்கள்.

அவள் இன்னமும் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிறாள். கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர் என்று இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறாள். ஆகவே சொல்கிறேன். பூசியதை முழுக்கச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். சுரண்டும்போது வரும் தூள் அக்கம்பக்கத்துக்குப் பறக்கக் கூடாது, ஈரத்துணி கட்டுங்கள். குழாய் வாய்களை மறுபடி மூடுங்கள். இந்த முறை உண்மையான தேதியில் படம் எடுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


மே 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஒன்பதாவது வரியை மடித்தது நான்தான். மூன்று நாள் வாசலில் நிற்க வைத்தீர்கள், அந்த ஆத்திரம். அவளை உள்ளே விட்டதும் நான்தான். கட்டின வீட்டை மருமகளிடம் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் கண் மறைத்துவிட்டது. இதற்கு மேல் என்னிடமிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

பதினோரு ஆள் பத்து நாள் சுரண்டினார்கள். நானும் சுரண்டினேன். பெயிண்டர் மட்டும் வரவில்லை. மருமகளுக்கு ஆனதைக் கேட்டதிலிருந்து, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டு வேலைக்கே இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் ஜன்னலைத் திறந்துபோட்டு, வாசலில் நானே காவல் இருந்தேன். உள்ளே வந்த பூனையைக்கூட விரட்டினேன். சோதனைக்காரர் வந்து காற்றைப் பிடித்துக்கொண்டு போனார். முடிவு வந்துவிட்டது. எல்லாம் எல்லைக்குள் இருக்கிறது. சான்றுக்கு வேண்டியதற்கு மேல் ஒரு புள்ளி, நாற்பத்தொன்று என்று அவரே கூட்டிப் போட்டிருக்கிறார். படங்கள் பத்து, சுரண்டிய நாளுக்கு ஒன்று. அதே சட்டைதான், மாற்றவில்லை.

வைத்துக்கொள்ளுங்கள் உங்கள் நாற்பத்தொன்றை.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


மே 15

சம்பந்தி அவர்களுக்கு,

கணக்கைச் சரிபார்த்தேன். நாற்பத்தொன்று சரிதான். விண்ணப்பத்தில் வீட்டு உரிமையாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அதாவது உங்கள் மகனும் என் மகளும். கோப்பை அவள் கையிலேயே கொடுத்து வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். திங்கட்கிழமை திரும்பிவிடுவாள், சான்று வந்த பிறகு நிரந்தரமாக வருவாள். அவர்கள் வீட்டில் இருக்கும்போது நீங்கள் உள்ளே போய் நின்று பெருமை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜூன் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்டு வெளியேதான் நின்றேன். இரண்டு பேரும் முன்னறைத் தரையில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார்கள். கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் போதும், காலையில் உட்கார்ந்தவர்கள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு தாளாகப் படித்து அவனிடம் கொடுக்கிறாள், அவன் படித்துக் கவிழ்த்து வைக்கிறான். நம் கடிதங்கள். முதலிலிருந்து எல்லாமே. கோப்பில் சேர்க்கிறேன், சேர்க்கிறேன் என்றீர்களே, அதை யார் திறப்பார்கள் என்று நீங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வெளியே வந்து கோப்பை என் கையில் கொடுத்துவிட்டு இருவரும் போய்விட்டார்கள். கையெழுத்துப் பக்கம் காலியாக இருக்கிறது. மேலே அவள் எழுதிய ஒரு சீட்டு. அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"அம்மாவுக்கும் மாமாவுக்கும். ஃபைல முழுசா படிச்சோம். வீடு நல்லா இருக்கு. மூணு மணி நேரம் உள்ள இருந்தேன், ஒண்ணும் ஆகல. ஆனா கையெழுத்து போட வரல. நாங்க இங்க வந்து நான் ஒரு தடவ இருமினா, அது யாரு தப்புன்னு நீங்க ரெண்டு பேரும் எழுத ஆரம்பிச்சுடுவீங்க. எனக்கு இருமறதுக்கு ஒரு வீடு வேணும். வேற ஒரு வாடகை வீடு ஃபோன்லயே பேசிட்டோம், இன்னைக்கே போறோம். தேட வேண்டாம்."

இரண்டு வாரமாக இதை உங்களுக்கு எழுத முடியாமல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பாத காரணத்தை அவளே உங்களிடம் ஃபோனில் சொல்லியிருப்பாள் என்றும் நினைத்தேன். "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை என்று மகன் சொன்னான்.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


ஜூன் 7

சம்பந்தி அவர்களுக்கு,

எங்கே இருக்கிறார்கள்? உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஊரில் வாடகைக்கு விடும் வீடு எது என்று தெரியாமல் நீங்கள் இருபத்தொன்பது வருஷம் தொழில் செய்திருக்க முடியாது. ஃபோனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்கிறாள், வைத்துவிடுகிறாள். கீழே சாலையா? பக்கத்தில் பட்டறை ஏதாவது இருக்கிறதா? முன்பு இருந்தவர்கள் நாய் வளர்த்தார்களா? சுவரில் ஈரம் உண்டா? பஞ்சு என்று நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அவள் போனாள். அந்த ஒரு சொல்லுக்காகவாவது முகவரியைத் தாருங்கள்.

அவளுடைய அம்மா


ஜூன் 13

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பஞ்சு என்று எழுதியதற்கு அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆகவே அதை வைத்து என்னை அடிக்க முடியாது.

ஆம், முகவரி எனக்குத் தெரியும். ஜன்னல் கொக்கி விழவில்லை என்று மகன் கூப்பிட்டான், போய்ச் சரிசெய்து கொடுத்தேன். அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியது உங்கள் மகள்தான், என் மகன் அல்ல. ஏன் என்று கேட்டேன். "அம்மா வந்தா கைல காத்து பாக்கற மீட்டர் இருக்கும் மாமா. எம் மூஞ்சிய பாக்கறதுக்கு முன்னாடி அதத்தான் பார்ப்பா" என்றாள். இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு வெற்றி என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அந்தச் சந்தோஷம் இல்லை.

சாலை தள்ளி இருக்கிறது. பட்டறை இல்லை. நாய் இல்லை. ஈரம் இல்லை, எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டேன். பெயிண்ட் அடித்து ஆறு வருஷம் ஆகிறது. ஜன்னல் கிழக்கே. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

அந்த மீட்டரை வீட்டில் வைத்துவிட்டு வருவதாக ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவளிடம் காட்டி, கையைக் காலைப் பிடித்தாவது உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நாம் கட்டிய வீடு சும்மாதான் கிடக்கிறது, அங்கே வந்து தங்கிக்கொள்ளலாம்.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா


ஜூன் 19

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வரியை எழுத நாலு நாள் உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். மீட்டரை வைத்துவிட்டு வரலாம். ஆனால் வாசலில் கால் வைத்ததும் என் மூக்கு சுவரைத் தேடும், காது அவள் மூச்சைத் தேடும். அவள் பேசுவது எதுவும் எனக்குக் கேட்காது. இருபது வருஷமாக எனக்கு அவளைப் பார்க்கத் தெரிந்த விதம் அது ஒன்றுதான். வேறு விதமாகப் பார்க்க எனக்குத் தெரியாது, இனி கற்றுக்கொள்வேனா என்றும் தெரியாது. அவள் சொன்னது சரி. உங்கள் வாய் வழியாக அதைக் கேட்க வேண்டியிருந்தது என்பதற்காக உங்களை நான் மன்னிக்கப்போவதில்லை.

கோப்பை மூடிவிட்டேன். இந்தக் கடிதம் அதில் சேராது.

முகவரி வேண்டாம். அந்தக் கட்டிடத்தில், மேல் மாடியோ கீழ் மாடியோ, யாராவது பெயிண்ட் டப்பாவோடு படியேறினால் மட்டும் எனக்கு உடனே எழுதுங்கள்.

அவளுடைய அம்மா